முத்துலட்சுமி அம்மையாரும் ஒரு சிறு மாத்திரையும்

தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மார்களுக்கு வழங்கப்படும் மகப்பேறு உதவித் திட்டம் யார் பெயரால் வழங்குகிறது என்று கேட்டால் கிராமத்துப் பெண்களும் விடை கூறுவர். எங்கள் வீராம்பட்டினத்திலிருந்து கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்காமார்கள் அந்தப் பெயரை விண்ணப்பத்தாளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர், சட்டமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணி என்று நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். பாடப்புத்தகம் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அவருடைய வாழ்வின் பிற்பாதி முழுவதையும் ஆட்கொண்ட மற்றொரு போராட்டத்தைப் பற்றியே நான் இங்கு எழுத விழைகிறேன். அது புற்றுநோயோடு நடத்திய போராட்டம். விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில், நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றி வகுப்பில் படித்தபோது எனக்கு ஒன்று வியப்பாக இருந்தது. மார்பகப் புற்றுநோய்க்கும் ஹார்மோனுக்கும் உள்ள உறவை அறிஞர்கள் சிறிது சிறிதாகக் கண்டறிந்து வந்த ஆண்டுகளும், அம்மையார் வாழ்ந்த ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே நடந்திருக்கின்றன. ஒன்றையொன்று அறியாமல் இரண்டு ஓடைகள் ஒரே திசையில் ஓடி வந்தது போல அவை எனக்குத் தோன்றுகின்றன.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். தந்தையார் நாராயணசாமி ஐயர் அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். தந்தை எத்துணை உயர்ந்த பதவியில் இருந்தபோதிலும், தாயின் குலத்தைச் சொல்லி அந்தக் குழந்தையை ஊர் ஒரு படி கீழே நிறுத்தியே பார்த்தது. பின்னாளில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை அவர் அத்தனை வேகத்தோடு எதிர்த்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. பெண்குழந்தைக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குக் கல்வி போதும், பிறகு மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான் என்பது அந்நாளைய நடைமுறை. தந்தையார் மகளுக்கு ஆங்கிலமும் சேர்த்துக் கற்பித்தார். உடல்நலம் குன்றிய அந்தச் சிறுமி புத்தகத்தை மட்டும் விடவில்லை.

அம்மையாருக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்த 1896ஆம் ஆண்டில், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் ஓர் அதிசயமான செய்தியை மருத்துவ இதழில் வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் முற்றி, இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் இரண்டு சினைப்பைகளையும் அவர் அறுத்து எடுத்தார். நோய் இருந்த இடம் மார்பு, அவர் கத்தி வைத்த இடம் அடிவயிறு! ஆனாலும் மார்பில் இருந்த கட்டி சில மாதங்களில் கரைந்து போயிற்று. அப்பெண் அதன் பின்னும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார். பீட்சனுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. கன்று ஈன்ற பசுவின் சினைப்பைகளை எடுத்துவிட்டால் அது நீண்டநாள் பால் கறக்கும் என்பது சில நாடுகளில் மாடு வளர்ப்போர் அறிந்திருந்த செய்தி. மடிக்கும் சினைப்பைக்கும் இடையே ஏதோ ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது, அதை அறுத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அந்தப் பேச்சு எதன் வழியாக நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஹார்மோன் என்ற சொல்லே 1905ஆம் ஆண்டில்தான் பிறந்தது. இங்கிலாந்தில் ஸ்டார்லிங் என்ற அறிஞர் அச்சொல்லை வழங்கினார்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1902இல், நம் அம்மையார் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார். அடுத்துக் கல்லூரியில் சேர வேண்டும். புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் உள்ளே வந்தால் எங்கள் பிள்ளைகளின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று பெற்றோர் எதிர்த்தனர். அவருடைய தாயின் குலத்தையும் சிலர் எடுத்துப் பேசினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு அனுமதி அளித்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக அமர்ந்து படிப்பது என்றால் என்ன என்பதை, இன்று பேருந்தில் இடம் பிடித்துத் தோழியரோடு சிரித்துப் பேசிக் கல்லூரிக்கு வரும் நாம் எண்ணிப் பார்ப்பதே கடினம். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்றுப் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் இல்ல மருத்துவராகப் பணியேற்றார்.

1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிசமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்ட திருமணம் அது. சுந்தர ரெட்டியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதை மனைவியின் பிற்கால வாழ்க்கையே காட்டுகிறது. இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். மருத்துவத் தொழிலும் நன்றாக நடந்தது.

இந்த நிலையில்தான் அந்த இடி விழுந்தது. 1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோய்வாய்ப்பட்டார். வயிற்றுப்போக்கும் இரத்தமும் கண்டு, அது சீதபேதி என்று கருதி மருந்து கொடுத்து வந்தனர். நோய் தணியவில்லை. உண்மையில் அது குடலின் கடைப்பகுதியில் தோன்றிய புற்றுநோய் என்பது தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே அவர் மறைந்தார். நோயாளியின் அக்காள் ஒரு மருத்துவர், அவருடைய கணவர் ஒரு மருத்துவர், சென்னை நகரமே அன்றைய தென்னாட்டு மருத்துவத்தின் தலைநகரம். இத்தனை இருந்தும் நோயின் பெயர் தெரியாமலே நாட்கள் ஓடின. மருந்து இல்லாமல் இறப்பது ஒருவகை. என்ன நோய் என்று அறியாமல் வேறொரு நோய்க்கு மருந்து உண்டு இறப்பது அதனினும் கொடுமை. தங்கையின் இறுதி மாதங்களில் கண்ட வேதனையை அம்மையார் கடைசிவரை மறக்கவில்லை. புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அந்தப் படுக்கையின் அருகில்தான் கருக்கொண்டது. ஏறக்குறைய அதே வேளையில், 1923இல், அமெரிக்காவில் ஆலன், டாய்சி என்னும் இருவர் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் செயலை எலிகளிடம் சோதித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பீட்சன் அறியாமல் தொட்டுவிட்டுப் போன பொருளுக்கு இப்போது ஓர் உருவம் கிடைத்தது.

1925இல் அம்மையார் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். மகளிர், குழந்தைகள் நோய்களைக் கற்கவே அவர் சென்றது. எனினும் இலண்டனில் புற்றுநோய்க்கெனத் தனியே இயங்கிய மருத்துவமனையையும் அவர் மனம் நாடியது. திரும்பி வந்ததும் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி ஒழிப்பு, குழந்தை மணத் தடுப்பு, பெண்களுக்கு மருத்துவ வசதி என்று அவர் அவையில் ஆற்றிய பணிகளை எத்தனையோ பேர் விரிவாக எழுதியிருக்கின்றனர். நான் கடந்து செல்கிறேன். 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஒளவை இல்லம் தொடங்கினார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது 1947இல். தொடங்கிய காரியம் முடியப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆனாலும் காத்திருக்கும் பொறுமை அவரிடம் இருந்தது. மருத்துவமனை விஷயத்தில் அந்தப் பொறுமைக்கு இன்னும் பெரிய சோதனை வந்தது.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாக் கொண்டாடியது. அங்கே அம்மையார் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற தம் கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். அக்காலத்தில் சென்னையில் கதிர்வீச்சு மருத்துவத்துக்கு 1934இல் தோன்றிய பர்னார்டு நிலையம் இருந்தது. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் வந்தது. தென்னாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஏதுமில்லை. அரசாங்கத்திடம் கேட்டபோது கிடைத்த விடை உற்சாகம் தருவதாக இல்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறந்துதான் போகிறார், அவருக்கென்று பணம் செலவிட்டு என்ன பயன் என்ற எண்ணம் அன்று ஆட்சியில் இருந்தோரிடமும் இருந்தது. ஈண்டு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்த எண்ணம் அதிகாரிகளிடம் மட்டும் இருந்ததன்று. எங்கள் ஊரில் இன்றும் அந்நோயின் பெயரை உரக்கச் சொல்ல மாட்டார்கள். பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அம்மையார் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஒரு காலத்தில் சட்டமன்றத்தில் துணைத் தலைவராக வீற்றிருந்தவர் படி ஏறி இறங்கி நன்கொடை திரட்டினார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவராகி, அமெரிக்கா சென்று புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பினார். தாயின் கனவுக்கு மகனின் கைகள் கிடைத்தன. 1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது. பன்னிரண்டே படுக்கைகள்! ஒரு சிற்றூர்ச் சுகாதார நிலையம் என்று சொல்லத்தக்க அளவே அன்று அது இருந்தது. அடுத்த ஆண்டு, 1955இல், சாந்தா என்ற இளம் பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்த நல்ல பதவியை விட்டுவிட்டு இங்கே வந்தது சரியா என்று அப்போது பலர் கேட்டிருப்பார்கள். அவர் 2021 ஜனவரி 19இல் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு நீங்கவில்லை.

அந்த 1954ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அடையாற்றில் கதவு திறந்த அன்று எங்கள் வீராம்பட்டினத்தில் பிரெஞ்சுக் கொடியே பறந்துகொண்டிருந்தது. புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில்தான். செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த காலம் அது. புதுச்சேரி நகரில் 1823லிருந்தே மருத்துவப் பள்ளி உண்டு. பிற்காலத்தில் ஜிப்மராக வளர்ந்தது அந்த வழியில் வந்ததே. ஆனால் புற்றுநோய் கண்ட ஒரு மீனவப் பெண் அடையாற்றுக்குப் போக வேண்டுமென்றால், 150 கிலோமீட்டர் தொலைவு ஒருபுறம் இருக்க, சுங்கச் சாவடியையும் தாண்டிப் போக வேண்டும். அது வேற்று நாட்டு எல்லை. ஆகவே அந்தத் தலைமுறையில் எங்கள் ஊரில் மார்பில் கட்டி வந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. ஆயாக்கள் சொல்லும் கதைகளில், உருகி உருகிப் போய்ச் சேர்ந்தாள் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அடையாற்றில் படுக்கைகள் பெருகின. 1950களின் பிற்பகுதியில் கானடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அக்காலத்தில் உலகெங்கும் இருந்த வழிகள் மூன்று. கத்தியால் அறுப்பது, கதிரால் எரிப்பது, பீட்சன் காட்டியபடி சினைப்பையை எடுப்பது. மூன்றாவது வழியில் ஒரு பெரிய புதிர் இருந்தது. பீட்சனுக்குச் சில ஆண்டுகள் கழித்தே மருத்துவர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். சினைப்பையை எடுத்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கே கட்டி சுருங்குகிறது. மற்ற இரண்டு பங்கினர் அறுவையின் வலியையும் இழப்பையும் தாங்கியது வீண். யார் அந்த ஒரு பங்கு என்று முன்னரே அறிய எந்த வழியும் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போயிற்று. வெளிப்பார்வைக்கு ஒரே நோயாகத் தெரிந்தது உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட நோயாக இருந்தது. அம்மையாரின் தங்கைக்கு நேர்ந்ததுபோல இங்கும் நோயின் சரியான பெயர் தெரியாததே குறை.

அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கும் வழியைத் திறந்தவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வுட் ஜென்சன். ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. ஆனால் கருப்பையும் மார்பகமும் போன்ற சில உறுப்புகளே அதற்கு இசைந்து வளர்கின்றன. ஏன்? ஜென்சன் ஈஸ்ட்ரோஜனில் கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜனைச் சேர்த்து, அந்த அடையாளத்தோடு இளம் எலிகளுக்குச் செலுத்தினார். மற்றத் திசுக்களில் அது வந்த வேகத்திலேயே வெளியேறியது. கருப்பையில் மட்டும் தங்கிற்று. அதுவும் வேதியல் மாற்றம் எதுவும் அடையாமல் அப்படியே தங்கிற்று. எனவே அங்கே அதைப் பிடித்து வைக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அதுவே ஏற்பி. 1958இல் வியன்னா நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் இதை அவர் எடுத்துரைத்தபோது கேட்க வந்திருந்தவர்கள் மிகச் சிலரே. பெரிய கூட்டமெல்லாம் வேறு அறையில் இருந்ததாம்!

ஏற்பி என்பது செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம். பாடப்புத்தகங்கள் இதைப் பூட்டு, சாவி என்று விளக்கும். எனக்கோ தேங்காய்த்திட்டுத் துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது. கடலில் எத்தனை படகு போனாலும், கட்டுவதற்கு இடம் உள்ள துறையில்தான் படகு நிற்கும், சரக்கு இறங்கும், வேலை தொடங்கும். ஈஸ்ட்ரோஜன் படகு, ஏற்பி அது கட்டும் இடம். படகு கட்டியவுடன் செல்லுக்குள் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு, வளர், பிரி என்று ஆணையிடுகின்றன. மார்பகத்தின் நல்ல செல்களில் இது அளவோடு நடக்கும் இயற்கை. சில புற்றுநோய்ச் செல்களில் இத்தகைய துறைகள் நிறைந்திருக்கும். அந்தக் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜனே சோறு. சினைப்பையை எடுத்தால் சோறு நின்றுவிடும், கட்டி வாடும். வேறு சில புற்றுநோய்களில் துறையே இராது. அவை ஈஸ்ட்ரோஜனை எதிர்பாராமல் தாமே வளரும். அங்கே சினைப்பையை எடுத்து என்ன பயன்? அந்த மூன்றில் ஒரு பங்குப் புதிரின் விடை இதுவே.

விடை ஒருபுறம் உருவாகிவந்தபோதே மருந்தும் மறுபுறம் உருவாயிற்று. 1962இல் இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியலறிஞர் ஒரு புதிய சேர்மத்தை ஆக்கினார். கருத்தடைக்கென்று தேடிய மருந்து அது. எலிகளில் பலித்தது, பெண்களிடமோ நேர்மாறாகக் கரு முட்டையைத் தூண்டிவிட்டது. குப்பைக்குப் போக வேண்டிய அந்தப் பொருளே டமாக்சிபென். அது ஈஸ்ட்ரோஜன் கட்டும் அதே இடத்தில் போய்க் கட்டிக்கொள்ளும். ஆனால் மார்பகச் செல்லில் சரக்கு எதையும் இறக்காது. வெறும் படகு துறையை அடைத்துக்கொண்டு நின்றால், மீனோடு வந்த படகுக்கு இடம் ஏது?

அம்மையார் இவற்றின் பலனைக் காணவில்லை. 1956இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. கண்பார்வை மங்கிய முதுமையிலும் ஒளவை இல்லத்தையும் மருத்துவமனையையும் அவர் மறந்ததில்லை. 1968 ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், காலமானார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு இணைந்து உட்கருவில் செயற்படும் முறையை ஜென்சன் குழுவினர் விளக்கி வெளியிட்டதும் அதே 1968இல்தான். அதன் பிறகு காரியங்கள் விரைந்து நடந்தன. 1971இல் மான்செஸ்டர் மருத்துவமனை ஒன்றில் முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட 46 பெண்களுக்கு டமாக்சிபென் கொடுத்த விவரம் வெளிவந்தது. பத்துப் பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. கட்டியில் ஏற்பி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால், யாருக்கு ஹார்மோன் வழி உதவும் என்று சொல்லிவிடலாம் என்பதை ஜென்சனும் அதே காலத்தில் காட்டினார். 1973இல் அந்த மருந்து இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

இவ்வளவுக்கும் சான்று கூறிய செல்கள் யாருடையவை என்பது உருக்கமான செய்தி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கன்னிகாஸ்திரீ மார்பகப் புற்றுநோய் கண்டு 1970இல் மறைந்தார். அவருடைய நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்த செல்களை டிட்ராய்ட் நகர ஆய்வாளர்கள் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க முயன்றனர். ஆறு முயற்சிகள் தோற்றன, ஏழாவது வென்றது. எம்.சி.எப்.-7 என்று பெயரிடப்பட்ட அந்தச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிறைய இருப்பது 1973இல் தெரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை உலகின் ஆய்வுக்கூடங்களில் அவை பெருகிக்கொண்டே இருக்கின்றன. எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு உவப்பான ஒரு செய்தியும் இதில் உண்டு. அந்தச் செல்களைக் கொண்டு மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபுக் குறிப்பு முழுவதையும் 1986இல் படித்தவர்களில் முன்னணியில் நின்றவர், பிரெஞ்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரத்துப் பியர் ஷாம்போன். 595 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது.

இனி என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பெரியம்மா மீன்கூடை சுமந்து பெரிய மார்க்கெட்டில் விற்றுவந்தவர். இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டி இருப்பதை அவர் ஓராண்டு காலம் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லையே என்பது அவர் கூறிய காரணம். வெட்கமும் ஒரு காரணம் என்று எங்களுக்குத் தெரியும். முதலில் காட்டிய இடத்தில் அது பால்கட்டு என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். பெரியம்மாவின் கடைசிப் பிள்ளைக்கே அப்போது இருபத்தாறு வயது! அதன் பிறகுதான் பெரிய ஆசுபத்திரிக்கு அழைத்துப் போனோம். ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். அறுவை நடந்தது. எடுத்த கட்டியை வெங்காயத் தோலினும் மெல்லிய சீவலாகச் சீவி, ஏற்பியை மட்டும் தேடிச் சென்று ஒட்டும் எதிர்ப்பொருளையும் சாயத்தையும் இட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உட்கருக்கள் பழுப்பு நிறமாகத் தெரிந்தால் ஏற்பி உண்டு. நூற்றில் ஒரு செல்லாவது நிறம் காட்டினாலே உண்டு என்று கொள்கிறார்கள். பெரியம்மாவின் அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதன் துணை போன்ற புரோஜெஸ்டிரோன் ஏற்பி இரண்டும் உண்டு என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை வீட்டில் வாசித்துப் பொருள் சொல்லும் வேலை எனக்கு வந்தது. பாசிடிவ் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியப்பா முகம் வெளுத்துப் போய்விட்டார். பரிசோதனைத் தாளில் பாசிடிவ் என்றால் கெட்ட செய்தி என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்? இந்த ஒரு தாளில் அது நல்ல செய்தி, மாத்திரை கேட்கும் கட்டி என்று பொருள் என நான் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நாளுக்கு ஒன்றாக 20 மில்லிகிராம் டமாக்சிபென், ஐந்து ஆண்டுகள். ஏற்பி உள்ள நோயாளிகள் ஐந்து ஆண்டுகள் இதை விடாமல் உட்கொண்டால் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பில் திடீரென்று அனல் ஏறும், கருப்பையையும் கவனித்து வர வேண்டும் என்ற தொல்லைகள் உண்டு. பெரியம்மா அந்த அனலைச் சித்திரை வெயிலோடு சேர்த்துத் திட்டுவார். ஆனால் மாத்திரையை விட்டதில்லை. சிறிய வெள்ளை மாத்திரை, விலையும் மலிவு. கிளாஸ்கோ மாட்டுத் தொழுவ யோசனை தொடங்கி நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அவர் சிரிக்கிறார்.

ஆனால் அறிக்கை எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. பெரியம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த இளம்பெண்ணின் தாளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லை, ஹெர்-2 என்னும் மூன்றாவது புரதமும் மிகுதியாக இல்லை. மூன்றும் இல்லாத வகை இது. மேலை நாடுகளில் மார்பகப் புற்றுநோய் கண்ட நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு இவ்வகை வருகிறது. நம் நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ முப்பது பேர் என்று தெரிந்திருக்கிறது. நம் பெண்களுக்கு இளவயதிலேயே இந்நோய் மிகுதியாக வருவது ஒரு காரணம் என்கிறார்கள். மற்றக் காரணங்கள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. டமாக்சிபென் அவர்களுக்குப் பயன்படாது. கட்டுவதற்கு அங்கே துறை இல்லை. அவர்களுக்கு இரத்தத்தில் ஏற்றும் கடுமையான மருந்துகளே முதன்மையான வழியாக இருந்து வருகின்றன. அந்தப் பெண்ணுக்கும் அதையே கொடுத்தார்கள். மூன்று வாரத்திற்கு ஒருமுறை கணவரோடு பேருந்தில் வந்து ஏற்றிக்கொண்டு, மாலையில் தலையில் முக்காடிட்டுக்கொண்டு திரும்பிப் போவார். அவருடைய கட்டி எதைத் தின்று வளர்கிறது என்று அறிவதற்காக, நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் ஆய்வுக்கூடங்களில் இன்றைக்கும் செல்களை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.